சொல்வதெழுதலும் சொல்லாமற் போன சொற்களும்



இலக்கியம் பற்றிப் பேசவேண்டிய இந்த நேரத்திலே, மூன்றாந் தரத்துப் பிள்ளைகளின் சொல்வதெழுதல் கொப்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது இலக்கிய நிகழ்ச்சிக்கு உரிய விடயந்தானா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எட்டு வயதுப் பிள்ளை தான் கண்ட ஒன்றைத் தன் சொல்லாலே எழுதத் துணிகிறதே, ஒரு மொழியின் இலக்கியம் அங்கேதான் தொடங்குகின்றது என்பது என் எண்ணம். அந்தத் துணிவை நான் ஒரு தவணை முழுவதும் கெடுத்திருக்கிறேன். முதலிலே அதைச் சொல்லிவிடுகிறேன்.

2011ஆம் ஆண்டின் மூன்றாந் தவணை. குடாநாட்டில் உள்ள ஓர் இந்துக் கல்லூரியிலே மேல் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் பிரசவ விடுப்பிலே சென்றதனால், அவருடைய மூன்றாந் தரத்தின் தமிழ்ப் பாடத்தை அதிபர் என்னிடம் ஒப்படைத்தார். பட்டப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவன். நன்னூலும் தொல்காப்பியமும் படித்தவன். மூன்றாந் தரம் எனக்கு எம்மாத்திரம் என்றுதான் வகுப்புக்குள்ளே கால் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் பத்துச் சொற்கள் சொல்வேன். பிள்ளைகள் எழுதுவார்கள். பிழைத்த சொல்லைச் சிவப்பு மையினால் வட்டமிட்டு, பத்துத் தரம் எழுதச் செய்வேன். நானும் அப்படித்தான் படித்தேன். உங்களிற் பலரும் அப்படித்தான் படித்திருப்பீர்கள்.

முன் வாங்கிலே ஒரு பெண்பிள்ளை. தொடக்கத்தில் பத்துக்கு ஆறு, ஏழு என்று எடுத்தவள். பிழைகள் எல்லாம் ழகரத்திலும் ளகரத்திலும். மூன்று வாரங்கள் சென்றன. பத்துக்குப் பத்து எடுக்கத் தொடங்கினாள். சொல்வதெழுதலில் மாத்திரமல்ல, சொந்தமாக எழுதும் பந்தியிலும் ஒரு பிழையும் இல்லை. அவளுடைய கொப்பியை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் காட்டினேன் என்றால் என் பெருமையை நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

கார்த்திகை மாதம் ஒரு நாள். முதல் நாளிரவு பெருமழை. பாடசாலை விட்டபின் வாயிலிலே அந்தப் பிள்ளை அம்மம்மாவுக்காகக் காத்து நின்றாள். "வீட்டிலே வெள்ளமோ பிள்ளை?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். கதை கொட்டியது.

"எங்கட வளவில வாளை முறிஞ்சு கோளிக்கூட்டுக்கு மேல விழுந்திட்டுது சேர். கோளி உள்ளுக்கை. அம்மம்மா உரப்பையைத் தலையில போட்டுக்கொண்டு மளைக்குள்ள ஓடினவ. கோளி சாகேல்லை சேர். அம்மம்மாதான் வளுக்கி விழுந்தவ."

கையையும் காலையும் ஆட்டி, அம்மம்மா விழுந்த விதத்தையும் நடித்துக் காட்டினாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் இந்தக் கதைக்காகவே "மழை நாள்" என்று தலைப்புக் கொடுத்தேன். அவள் எழுதியது நான்கே வசனங்கள். அன்று வானம் கறுத்தது. காற்று அடித்தது. நான் வீட்டில் இருந்தேன். எனக்குப் பயம் வந்தது.

பிழை ஒன்றும் இல்லை. கறுத்தது, காற்று, பயம் எல்லாம் முன்னைய வாரங்களிலே நான் சொல்வதெழுதலுக்குக் கொடுத்த சொற்கள். மழை என்ற சொல், கரும்பலகையிற் கிடந்த தலைப்பைப் பார்த்து எழுதிய அந்த ஓரிடத்தோடு சரி. வாழை இல்லை. கோழி இல்லை. கோழி இல்லாத கதையிலே அம்மம்மாவுக்கு என்ன வேலை? அவரும் இல்லை.

"ஏன் பிள்ளை, நேற்று எனக்குச் சொன்ன கதையை எழுதேல்லை?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்: "பிழைச்சுப் போகும் சேர்."

அன்றிரவு அவளுடைய கொப்பியை முதற் பக்கத்திலிருந்து புரட்டினேன். தவணையின் தொடக்கத்திலே முக்காற் பக்கம் எழுதிய பிள்ளை. வாரத்துக்கு வாரம் பந்தி சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பிழைகள் குறைந்த வேகத்திலே சொற்களும் குறைந்திருக்கின்றன. பிழைகளை எண்ணிய நான் சொற்களை எண்ணவில்லை. எழுத்துப் பிழை விடாமல் இருப்பதற்கு மிகச் சுலபமான வழியை அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருந்தாள். தெரியாத சொல்லை எழுதாமல் விட்டுவிடுவது! அதற்கு நான் பத்துக்குப் பத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நேயர்களே, எழுத்துப் பிழை பெரிய விடயமல்ல என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். உயர்தர வகுப்பிலே கூட முயற்சி என்ற சொல்லுக்கு நடுவிலே ஒரு சகர மெய்யைச் செருகி எழுதுகிறார்கள். அதைக் காணும்போது எனக்கும் நெஞ்சு எரிகிறது. தமிழிலே ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறுகிறது. வலி உடலில், வளி வானில், வழி காலடியில். அலை கடலில் எழுவது. அழை என்பது கூப்பிடு என்ற ஏவல். மனம் வேறு, மணம் வேறு. கறி சட்டியில், கரி அடுப்பில். இவற்றைக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதிலேதான் நான் பிழைவிட்டேன்.

இந்த இடத்திலே கடல் கடந்த ஒரு வழக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவிலே "ஸ்பெல்லிங் பீ" என்று ஒரு போட்டி நடக்கிறது. ஒரு சொல்லைச் சொல்வார்கள். பிள்ளை மேடையிலே நின்று அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாயாற் சொல்லவேண்டும். "பீ" என்பது இங்கே அயலவர் கூடி ஒரு காரியம் செய்வதைக் குறிக்கும் பழைய வழக்கு. நோவா வெப்ஸ்டர் 1783ஆம் ஆண்டு வெளியிட்ட எழுத்துக்கூட்டற் புத்தகம் அந்நாட்டுப் பள்ளிகளிலே பரவியது. 1925ஆம் ஆண்டு லூயிவில் நகரப் பத்திரிகை ஒன்று முன்நின்று, ஒன்பது பத்திரிகைகள் சேர்ந்து, முதலாவது தேசியப் போட்டியை வாஷிங்டனில் நடத்தின. பத்திரிகைகள் தொடக்கிவைத்த போட்டி அது என்பதைப் பத்திரிகை வாசகர்களாகிய நீங்கள் கவனிக்கவேண்டும். அதிலே வென்றவன் பிராங்க் நியூஹவுசர் என்ற 11 வயதுச் சிறுவன். கடைசியாக அவன் சொன்ன சொல் "கிளாடியோலஸ்" என்ற பூவின் பெயர். 1985ஆம் ஆண்டு பாலு நடராஜன் என்ற மாணவர் வென்றார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை. 2019ஆம் ஆண்டு எட்டுப் பிள்ளைகள் ஒன்றாக முதலிடம் பெற்றார்கள்.

ஆங்கிலத்துக்கு இப்படி ஒரு போட்டி ஏன் வேண்டியிருக்கிறது? அந்த மொழியிலே ஒலி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இரவைக் குறிக்கும் சொல்லும் பழைய போர்வீரனைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றுதான். எழுத்திலோ இரண்டாவதன் தலையிலே ஒலிக்காத "கே" ஒன்று காவல் நிற்கிறது. முன்னொரு காலத்தில் அந்தக் "கே" ஒலித்தது. 1476ஆம் ஆண்டு காக்ஸ்டன் இங்கிலாந்திலே அச்சுக்கூடம் வைத்தார். அதன்பின் எழுத்துகள் மெல்ல மெல்ல உறைந்து நின்றன. மக்களின் நாக்கோ மாறிக்கொண்டே போயிற்று. அங்கே எழுத்துக்கூட்டுவது பழைய சரித்திரத்தை நினைவிலே வைப்பது போன்ற வேலை.

தமிழிலே 247 எழுத்துகள் இருந்தாலும் பிள்ளைக்கு அவ்வளவு துன்பமில்லை. பெரும்பாலும் சொன்னபடி எழுதலாம், எழுதியபடி வாசிக்கலாம். துன்பம் சில மூலைகளிலேதான் கிடக்கிறது. ல, ள, ழ ஒரு மூலை. ர, ற இன்னொன்று. ந, ன, ண மற்றொன்று. நமது பேச்சிலே ழகரம் ளகரமாகவே வருகிறது. அந்தப் பிள்ளை வாளை, கோளி என்றுதான் சொன்னாள். அம்மம்மாவும் அப்படித்தான் சொல்லுவார். உண்மையைச் சொன்னால், பாடசாலை வாயிலைத் தாண்டியபின் நானும் அப்படித்தான் சொல்லுகிறேன். காதிலே விழாத வித்தியாசத்தைக் கையினால் எழுது என்று பிள்ளையிடம் கேட்கிறோம். ஆங்கிலப் பிள்ளையின் ஒலிக்காத "கே"யும் நமது பிள்ளையின் ழகரமும் இந்த வகையிலே உறவினர்தாம்.

அந்தப் போட்டியிலே என்னைக் கவர்ந்தது வெற்றிக் கிண்ணம் அல்ல. அதன் விதி ஒன்று. மேடையிலே நிற்கும் பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. இந்தச் சொல்லின் பொருள் என்ன, ஒரு வசனத்தில் வைத்துச் சொல்லுங்கள், எந்த மொழியிலிருந்து வந்தது, இன்னொருமுறை உச்சரியுங்கள் என்றெல்லாம் கேட்கலாம். பதில் சொல்லவேண்டியது நடுவரின் கடமை. அவ்வளவு கடுமையான போட்டியிலே அந்த உரிமை இருக்கிறது. நமது வகுப்பறையிலோ ஆசிரியர் சொல்லுவார், பிள்ளை எழுதும். வாய் திறந்தால் "பேசாமல் எழுது!"

மிகுதியிருந்த மூன்று வாரங்களுக்கு அந்த உரிமையை என் வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தேன். பத்துச் சொற்களை ஐந்தாகக் குறைத்தேன். புள்ளியை நிறுத்தினேன். எழுதுமுன் எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்கலாம் என்று சொன்னேன். முதல் நாள் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் நேரத்தைப் போக்குவதற்காகச் சில பொடியன்கள் கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு நல்ல கேள்வி வந்தது. "சேர், அலுமாரி தமிழ்ச் சொல்லோ?"

இல்லை, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் என்றேன். கதிரையும் அப்படி, பாணும் அப்படி, சப்பாத்தும் அப்படி. பிறமொழிச் சொல்லிலே சிறப்பு ழகரம் வருவதில்லை. அது நம் வீட்டு எழுத்து. ஆகவே அலுமாரியிலே ழகரமோ என்று ஐயப்படத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. எந்தச் சொல் வீட்டுச் சொல், எந்தச் சொல் வந்த சொல் என்று வகுப்பறை முழுவதையும் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இலக்கணத்திலே நாம் சூத்திரமாக மனனம் செய்தவற்றையே விளையாட்டாகக் கொடுக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிலவற்றை இங்கே சொல்கிறேன்; பெற்றோர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எழுத்துகளுக்குக் கூட்டாளிகள் உண்டு. டகரத்துக்கு முன்னே வரும் மூக்கொலி மூன்று சுழி ணகரம்: வண்டு, நண்டு, கண்டம். றகரத்துக்கு முன்னே இரண்டு சுழி னகரம்: கன்று, குன்று, தென்றல். தகரத்துக்கு முன்னே நகரம்: பந்து, சந்தை, தந்தம். இந்தச் சோடிகள் பிரிவதில்லை. சொல்லின் தொடக்கத்திலே இந்த மூன்றிலும் நகரந்தான் வரும்: நகம், நாய், நிலா. இவ்வளவும் தெரிந்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது.

றகர மெய்க்கும் டகர மெய்க்கும் பின்னால் இன்னொரு மெய்யைச் செருகக்கூடாது. முயற்சி, பயிற்சி, கட்சி, வெட்கம், நட்பு. "றன்னாவும் டன்னாவும் தங்களுக்குப் பக்கத்திலே இரட்டைப்பிள்ளைகளை விடமாட்டார்கள்" என்று சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு என் உயர்தர வகுப்பிலும் இதையே சொல்கிறேன்.

லகர ளகர ழகரத்துக்கு இப்படியான சுருக்குவழி இல்லை. அங்கே சொற்களோடு பழகத்தான் வேண்டும். அதற்கு எனக்குக் கைகொடுத்தவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர். 1878 முதல் 1953 வரை வாழ்ந்தவர்; தங்கத்தாத்தா என்று பிள்ளைகளால் அழைக்கப்பட்டவர். அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டு நமது பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்தப் பாட்டிலே தோழர் இருக்கிறார், கூழ் இருக்கிறது, கொழுக்கட்டை இருக்கிறது. மூன்றிலும் சிறப்பு ழகரம்! பாட்டைப் பாடச் செய்து, அந்த மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். கொழுக்கட்டையை ளகரத்தால் எழுதுகிற பிள்ளை பிறகு வகுப்பிலே இல்லை. பாட்டோடும் வாய்ச் சுவையோடும் வந்த எழுத்து மறக்குமா?

ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலே பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். எழுத்தை வசனத்தோடும் பொருளோடும் சேர்த்துப் புகட்டவேண்டும் என்பதை நமது மண்ணிலே ஒருவர் அப்போதே உணர்ந்திருந்தார். பத்துச் சொற்களை உதிரியாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்த எனக்குத்தான் அது பிந்தி விளங்கிற்று.

எல்லாரும் இதை வரவேற்றார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு தகப்பனார் சைக்கிளை வாயிலிலே சாத்திவிட்டு வந்து, "மாஸ்டர், கொப்பியிலே புள்ளி ஒன்றையும் காணேல்லை. இன்னும் இரண்டு வருசத்திலே புலமைப்பரிசில் வருகுது. அங்கே கேள்வி கேட்க விடுவினமோ?" என்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. பரீட்சை மண்டபத்திலே அந்த உரிமை இல்லைத்தான். "ஐயா, அங்கே கேட்கமுடியாததனாலேதான் இங்கே கேட்கட்டும் என்று விடுகிறேன்" என்றேன். அவர் திருப்தியோடு போகவில்லை. அடுத்த வாரம் புள்ளியையும் போட்டேன்; ஆனால் இரண்டு புள்ளிகள். ஒன்று சரியாக எழுதிய சொற்களுக்கு. மற்றது, பந்தியிலே புதிதாக எழுதத் துணிந்த சொற்களுக்கு, அவை பிழைத்தாலும்.

தை மாதம் அந்த ஆசிரியை விடுப்பு முடிந்து திரும்பினார். நான் செய்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "நல்லது சேர், ஆனால் பிள்ளைகள் எப்படிப் பழகுவது என்று சொல்லிக் கொடுத்தனீங்களோ?" என்று கேட்டார். பிறகு அவர் செய்த முறையைப் பின் வாங்கிலிருந்து பார்த்தேன். சொல்லைப் பார், வாய்விட்டுச் சொல், கையால் மூடு, மனத்திலிருந்து எழுது, கையை எடுத்து ஒப்பிட்டுப் பார். பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்கிறது. சிவப்பு மைக்கு அங்கே வேலையில்லை. ஒரு சொல்லைப் பிழையாகவே பத்துத் தரம் பார்த்தெழுதிய கொப்பிகளும் என் மேசைக்கு வந்தவைதாம். இப்போதுதான் அதன் காரணம் புரிந்தது. பத்துத் தரம் எழுதும் பிள்ளை மூன்றாந் தரத்துக்குப் பின் சொல்லைப் பார்ப்பதில்லை, மேலே உள்ள வரியைத்தான் பார்க்கிறது.

சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் கொடுக்கவேண்டும் என்றும் அவர் சொன்னார். வாழ், வாழ்வு, வாழ்த்து ஒரு குடும்பம். தோழன், தோழி, தோழமை ஒரு குடும்பம். மூலச் சொல்லின் எழுத்துத் தெரிந்தால் முழுக் குடும்பத்தின் எழுத்தும் தெரியும். ஒரு பட்டமும் பெறாத பாட்டி ஒருத்தி பேரப்பிள்ளைக்கு உறவுமுறை சொல்லிக் கொடுப்பதைப் போலத்தான் இதுவும்.

நான் மீண்டும் மேல் வகுப்புகளுக்குப் போய்விட்டேன். போகுமுன் அந்த மூன்றாந் தரத்தின் கடைசிப் பந்திகளைத் திருத்தினேன். தலைப்பை அவர்களே தெரியலாம் என்று விட்டிருந்தேன். முன் வாங்குப் பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். வாழை முறிந்தது, கூடு நசிந்தது, அம்மம்மா உரப்பையோடு ஓடினார், வழுக்கி விழுந்தார், கோழி மாத்திரம் ஒன்றும் நடவாதது போல வெளியே வந்தது. பதினொரு பிழைகள். கோழியிலே முதலில் ளகரத்தை எழுதி, அழிறப்பரால் தாள் கிழியுமட்டும் அழித்து, மேலே ழகரத்தை எழுதியிருந்தாள். வழுக்கி விழுந்தது மாத்திரம் இரண்டு இடத்திலும் ளகரமாகவே கிடந்தது.

அதன் கீழே நான் ஒரு கேள்வியைத்தான் எழுதினேன்: "அம்மம்மாவுக்கு அடி பட்டதோ?" அடுத்த நாள் கொப்பி திரும்பி வந்தது. என் கேள்விக்குக் கீழே பதில்: "முழங்காலில். இப்போது சுகம்." முழங்காலிலே சிறப்பு ழகரம் சரியாக இருந்தது.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை சொல்வதெழுதலுக்குப் படிப்பதைக் கண்டால், நீங்கள் ஒரு சொல்லைச் சொல்லுமுன் அந்தப் பிள்ளை உங்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் இருவருமாக அகராதியைப் புரட்டுங்கள். பிறகு எழுதட்டும்.